பூட்டிய காம்பராவின் சூடு

உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் சொல்லிக்கொடுக்கப் போனால் முதல் நாள் நான் செய்வது ஒரே காரியம்தான். கரும்பலகையில் புள்ளி புள்ளியாக ஒரு வட்டம் போடுவேன். உள்ளே 'தொகுதி' என்று எழுதுவேன். வெளியே 'சூழல்' என்று எழுதுவேன். "இந்தக் கோடு உலகத்துல எங்கயும் கெடையாது. நாமதான் போடுறோம். போட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேக்கணும். கோட்டைத் தாண்டி என்ன உள்ள வருது, என்ன வெளிய போகுது? அதச் சரியாக் கேட்டுட்டா பாதிக் கணக்கு முடிஞ்சிது" என்பேன். ஏழு வருசமாக இதே பல்லவிதான். என்னிடம் படித்த பிள்ளைகள் இதில் பிழை விட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. பிழை விட்டது நான். அதுவும் என் சொந்த வீட்டில், என் சொந்தப் பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. பிழையைக் கண்டுபிடித்ததும் நான்தானே!

நான் பிறந்தது, படித்தது, கல்யாணம் கட்டியது எல்லாம் கந்தப்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஒரே லயத்தில். பன்னிரண்டு காம்பரா, ஒரு குடும்பத்துக்கு ஒரு அறை. ஆறு முன்பக்கம், ஆறு பின்பக்கம், முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு. எங்கள் காம்பரா நடுவில். இடது சுவருக்கு அப்பால் ஒரு குடும்பம், வலது சுவருக்கு அப்பால் ஒரு குடும்பம், பின்சுவருக்கு அப்பால் இன்னொன்று. சுவர் கூரை வரைக்கும் போகாது, மேலே ஒரு முழம் திறந்து கிடக்கும். யார் இருமினாலும், யார் யாரைத் திட்டினாலும் எல்லோருக்கும் கேட்கும். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டுதான் நான் கம்பஸ் போகும் அளவுக்குப் படித்தேன். அந்தப் பஞ்சுக்குத்தான் பட்டம் கொடுத்திருக்க வேண்டும்.

வலது பக்கம் அக்கா இருந்தாள். சொந்தம் இல்லை, ஆனால் நான் நடக்கப் பழகிய நாளிலிருந்து அவள் எனக்கு அக்கா, நான் அவளுக்குப் 'புள்ள'. கொழுந்து எடுக்கிறவள். புருசன் செத்துப்போய்விட்டார், பிள்ளைகள் கொழும்பில் கடைகளில். தனி ஆள். அவளுடைய அடுப்பு எங்கள் சுவரை ஒட்டி இருந்தது. பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, போகுமுன் ரொட்டி தட்ட விடியற்காலையிலேயே விறகைத் திணித்து ஊதுவாள். புகை சுவருக்கு மேலே ஏறி எங்கள் பக்கம் இறங்கும். நான் பாடசாலைக்குக் கட்டிக்கொண்டு போகும் சேலை முழுக்க அந்த வாசம். ஒருநாள் ஆசிரியர் அறையில் ஒரு டீச்சர் மூக்கைச் சுழித்து, "இன்னைக்கு உங்க சாரியில ரொட்டி வாசம் வருதே" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அந்தச் சேலையை நான்கு தரம் அலசினேன். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், என் பிள்ளை இந்தப் புகையில் வளரக் கூடாது.

என் வீட்டுக்காரர் தோட்டத்து பெக்டரியில் வேலை. தேயிலையைக் காயவைக்கும் டிரையரில் நிற்கிறவர். அரசாங்க வீட்டுத் திட்டத்தில் அவர் பெயருக்கு லயத்துக்கு மேலே மேட்டில் ஏழு பேர்ச் காணி கிடைத்து, தனி வீடும் கட்டி முடிந்தது. சீமெந்துக் கல் சுவர், பெரிய கண்ணாடி ஜன்னல், கேஸ் அடுப்பு. நான்கு பக்கமும் யாருடைய சுவரும் ஒட்டாத வீடு. நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். லயத்துச் சுவரை விட இந்தச் சுவர் தடிப்பு அதிகம், ஆகவே சூடு வெளியே போவது குறைவு, ஆகவே வீடு கதகதப்பாக இருக்கும். அவரிடம் காட்டினேன். "டீச்சர் சொன்னா சரிதான்" என்றார். வீட்டிலும் அவர் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார், கேலியாக.

வீடு மாறிய நாள் எனக்கு ஏழு மாதம். மூச்சு வாங்குகிறது, சாமான் தூக்க ஆட்கள் வந்து நிற்கிறார்கள், அந்த நேரம் பார்த்து அக்கா அடுப்பைப் பற்றவைத்துவிட்டாள், எல்லோருக்கும் தேத்தண்ணி போட. புகை குபுகுபுவென்று வந்தது. எனக்கு வந்ததே கோபம்! லயமே இஸ்தோப்புத் திண்ணையில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, "இனிமேலாச்சும் எம் புள்ள ஒங்க வீட்டுப் பொகையக் குடிக்காம வளரும்" என்று கத்திவிட்டேன். அக்கா தேத்தண்ணிக் கேத்தலை இறக்கி வைத்தாள். நான் படி ஏறும்போது, "பாத்துப் போங்க டீச்சரம்மா" என்றாள். அதுதான் முதல் தடவை. முப்பது வருசப் 'புள்ள' அன்றோடு போயிற்று.

பழைய காம்பராவைத் தோட்டத்து ஆபிசில் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. யார்தான் உடனே ஒப்படைக்கிறார்கள்? வீட்டைக் கொடுத்தார்களே தவிர காணி உறுதிப் பத்திரம் இன்னும் கையில் வரவில்லை. உறுதி இல்லாத வீட்டை நம்பி லயத்துச் சாவியை விட இங்கே ஒருவருக்கும் மனம் வராது. நாளைக்கு எவனாவது வந்து எழும்பு என்றால்? அந்தப் பயம் எங்கள் எல்லோருக்கும் இரத்தத்தில் ஊறிப் போனது. நானும் பழைய அண்டா, உடைந்த கட்டில் எல்லாவற்றையும் உள்ளே போட்டுப் பூட்டிச் சாவியை என் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

லயத்தின் கடைசிக் காம்பராவைக் கோடி வீடு என்போம். அங்கே ஒரு இளம் சோடி இருந்தது. அந்தப் பெண்ணுக்கும் வயிற்றில் பிள்ளை, எனக்குப் பின்னால்தான் நாள். ஒருநாள் மேடேறி வந்தாள். "டீச்சர், ஒங்க காம்பரா சும்மாதானே கெடக்கு. எங்களுக்கு விட்டுக் குடுத்தீங்கன்னா பெரிய உதவியா இருக்கும். கோடி வீட்டுல குளுரு தாங்க ஏலாது" என்றாள். கோடி வீட்டுக்காரர்கள் காலங்காலமாக அப்படித்தான் சொல்வார்கள். சோம்பேறித்தனம், ஒழுங்காக அடுப்பு எரித்தால் என்ன குளிர் என்று நான் நினைப்பேன். "உறுதி வரட்டும், பாப்போம்" என்று அனுப்பிவிட்டேன். தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பெரிய மனசு எனக்கு.

மகள் தை மாதப் பனியில் பிறந்தாள். மூன்று கிழமை முந்திக்கொண்டு. காலையில் எழுந்தால் மரக்கறித் தோட்டமெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கும் காலம். கையளவு பிள்ளை. ஆஸ்பத்திரியிலிருந்து விடும்போது, "சூடா வச்சிருக்கணும், பால் நல்லாக் குடுக்கணும்" என்று சொல்லித்தான் விட்டார்கள். நான் ஆம் ஆம் என்று தலையாட்டினேன். சூட்டைப் பற்றி எனக்கே பாடமா!

பிரசவமும் கைப்பிள்ளைகளும் பார்க்கத் தோட்டத்துக்கு வரும் மருத்துவமாது சிங்களப் பெண், நல்ல மனுசி, பாதித் தமிழ் பாதிச் சிங்களத்தில் பேசுவார். அவர் 'ஹரி' என்றால் சரி, 'பபா' என்றால் பிள்ளை, 'நங்கி' என்றால் தங்கச்சி. பிறந்து மூன்றாவது கிழமை தராசைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பிள்ளையை நிறுத்தார். இன்னொரு தரம் நிறுத்தார். முகம் மாறியது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது இருந்த நிறைதான், ஒரு கிராம் ஏறவில்லை. பால் குடிப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தார். "பால் ஹரி. பபா நல்லாக் குடிக்கிது. ஆனா ஏறல்ல" என்றார். பிறகு பிள்ளையின் பாதத்தைப் பிடித்துப் பார்த்தார். "நங்கி, பபாவுக்குச் சூடு பத்தாது. உடுப்புப் போட்டா மட்டும் சரி வராது. நெஞ்சுல போட்டுக்கோ, தோலோட தோல், எந்நேரமும். ஒராளுக்கு ஏலாட்டி மாறி மாறி. ரெண்டு கிழமையில கிளினிக். அதுக்குள்ள ஏறல்லன்னா நுவரெலியா வார்டுதான்."

எங்கள் தோட்டத்தில் வார்டுக்குப் போன சின்னப் பிள்ளைகளில் திரும்பி வராதவர்களும் உண்டு. அவர் போன பிறகு அழுதேன். அழுது முடித்ததும் நாட்காட்டியைக் கிழித்துப் பின்பக்கத்தில் புள்ளிக்கோட்டு வட்டம் போட்டேன். உள்ளே என் மகள். கோட்டைத் தாண்டி உள்ளே வருவது பால். வெளியே போவது சூடு. உள்ளே வந்ததில் வெளியே போனதைக் கழித்தால் மிச்சம்தான் சதை. மிச்சம் பூச்சியம். ஆக, நான் கொடுக்கிற ஒவ்வொரு துளிப் பாலும் என் பிள்ளையின் உடம்பில் தங்காமல், அந்த வீட்டைச் சூடாக்கவே செலவாகிக்கொண்டிருக்கிறது. ஒரு கையளவு பிள்ளை, ஏழு பேர்ச் வீட்டுக்கு அடுப்பாக எரிகிறது! இது புரிந்ததும் எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும் போல் இருந்தது.

ஆனாலும் மருத்துவமாது சொன்னதை நான் செய்யவில்லை. பட்டம் படித்தவளுக்கு நெஞ்சில் கட்டிக்கொள்ளச் சொல்கிறாரே என்று ஒரு இளக்காரம். பாடசாலை அதிபரிடம் சொல்லி ஆய்வுகூடத்து வெப்பமானி ஒன்றை எடுப்பித்து அறையில் தொங்கவிட்டேன். பதின்மூன்று பாகை. மகளுக்கு மூன்று ஸ்வெட்டர், இரண்டு தொப்பி, கம்பளி என்று சுற்றினேன். முகம் மட்டும் தெரிந்தது. சூடே சரியாக உண்டாக்கத் தெரியாத ஒன்றைச் சுற்றி என்ன பயன்? குளிர்ந்த தேத்தண்ணியை பிளாஸ்கில் ஊற்றினால் அது குளிர்ந்த தேத்தண்ணியாகவே இருக்கும். இது எனக்குத் தெரியாதா? தெரியும். பயம் வந்தால் தெரிந்ததெல்லாம் மறந்து போகிறது. மின்சார ஹீட்டர் ஒன்றும் வாங்கினோம். போட்டால் சூடு நேரே மேலே ஏறி, சீட் கூரை வழியாக வெளியே போயிற்று. கூரைமேல் உட்கார்ந்த காகங்கள்தான் குளிர் காய்ந்தன.

மூன்று நாள் இப்படிப் போனது. நான்காம் நாள் பௌர்ணமிப் போயா விடுமுறை, வேலை இல்லை. பிள்ளையைக் குளிப்பாட்டப் பழைய அண்டா வேண்டும் என்று அவரைச் சாவியோடு லயத்துக்கு அனுப்பினேன். அண்டாவோடு வந்தவர் வாசலிலேயே நின்றார்.

"டீச்சர், ஒரு விசயம். நம்ம பழைய காம்பரா இங்கயவிடச் சூடா இருக்கு."

"ஒளறாதீங்க. மூணு மாசமா அடுப்பு எரியாத காம்பரா அது."

"நான் என்னா பௌதிகமா படிச்சேன்? டிரையர்கிட்ட நிக்கிறவன். எது சூடு எது குளுருன்னு இந்தத் தோலுக்குத் தெரியும். வேணும்னா நீயே போய் ஒம் மிசின வச்சுப் பாரு."

எனக்குச் சுரீரென்றது. மகளை அவர் மடியில் போட்டுவிட்டு, வெப்பமானியைப் பிடுங்கிக்கொண்டு படி இறங்கினேன். பிள்ளை பெற்ற உடம்பு, நிதானமாக இறங்க வேண்டும். இறங்கவில்லை. பூட்டைத் திறந்து, வெப்பமானியைக் காம்பரா நடுவில் உடைந்த கட்டிலின் காலில் கட்டிவிட்டுப் பத்து நிமிடம் வெளியே நின்றேன். அவர் சொன்னது பொய் என்று நிரூபித்துவிட்டுத்தான் மேடேறுவது என்று இருந்தேன்.

பதினெட்டு பாகை.

இன்னொரு தரம் பார்த்தேன். மூன்று மாதமாக ஒரு சுள்ளி எரியாத, ஓட்டைக் கூரைக் காம்பரா பதினெட்டு. ஹீட்டர் வைத்த என் புது வீடு பதின்மூன்று. மெதுவாக வலது சுவரில், அந்தப் பக்கம் அக்கா அடுப்பு இருக்கிற இடத்தில் கையை வைத்தேன். வெதுவெதுவென்று இருந்தது. இடது சுவர், பின்சுவர், அவ்வளவு இல்லாவிட்டாலும் குளிரவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சுவரின் தடிப்பைக் கணக்குப் போட்டேனே, மடச்சி, சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்தேனா? இந்தக் காம்பராவில் மூன்று சுவருக்கு அப்பால் மூன்று அடுப்பு. வாசல் பக்கமும் கூரையும் மட்டும்தான் குளிருக்கு. என் புது வீட்டில் நான்கு சுவருக்கு அப்பாலும் பனி. நான் தொகுதியை அளந்துவிட்டுச் சூழலை மறந்துவிட்டேன். முதல் நாள் பாடம்! கோடி வீட்டுக்காரர்களுக்கும் சோம்பல் இல்லை. அவர்களுக்கு வாசலும் கூரையும் போதாதென்று கோடிச் சுவரும் காற்றுக்கு, அவ்வளவுதான்.

அதோடு முடிந்திருந்தால் நான் மேடேறிப் போயிருப்பேன். ஆனால் அந்தப் புள்ளிக்கோடு இருக்கிறதே, அது ஒரு பக்கத்துக்கு மட்டும் போட்ட கோடு இல்லை. சூடு எப்போதும் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத்தான் ஓடும். நாங்கள் இருந்தபோது எங்கள் அடுப்பும் எரிந்தது, அக்கா அடுப்பும் எரிந்தது. இரண்டு பக்கமும் ஒரே சூடு, சுவர் வழியாக ஒன்றும் போகவில்லை, வரவும் இல்லை. இப்போது என் பக்கம் குளிர். அப்படியானால் என் கையில் படுகிற இந்த வெதுவெதுப்பு யாருடையது? மூன்று மாதமாக என் உடைந்த கட்டிலுக்கும் பூட்டுக்கும் அக்கா விறகு சுமந்து எரித்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு நான் சூழல். முப்பது வருசத்தில் ஒரு தடவைகூட நான் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்ததில்லை.

போய் நின்றேன். அக்கா கதவு திறந்துதான் இருந்தது. முன்பெல்லாம் அவள் கட்டில் எங்கள் சுவரை ஒட்டித்தான் கிடக்கும். அன்று அது காம்பரா நடுவில், வழியை மறித்துக்கொண்டு கிடந்தது. அடுப்படியை விட்டு அந்தச் சுவர் முழுக்க உரச் சாக்குகளைக் கிழித்து ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தாள். அடுப்பில் பெரிய விறகாகவே எரிந்தது. அக்கா போர்வையைப் போர்த்திக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"என்னா டீச்சரம்மா, சாமான் எடுக்க வந்தீங்களா?"

"ஏங்க்கா சாக்குத் தொங்குது?"

"நீங்க போனதோட அந்தப் பக்கம் ஐஸாப் போச்சு. முட்டி ரெண்டும் புடிச்சுக்கிது, காலையில மலைக்கு ஏற ஏலாம இருக்கு. எவ்வளவு எரிச்சாலும் செவரு குடிச்சுப் போடுது. வெறகு பொறுக்கியே நாள் போகுது." சொல்லிவிட்டு அடுப்பைப் பார்த்தாள். "கோடி வீட்டுப் புள்ள சாவி கேட்டுச்சாமே. சரி, அது ஒங்க விசயம்."

அவள் பக்கத்தில் போய்க் குந்தினேன். எல்லாம் ஒன்றாக வாயில் வந்தது. பிள்ளையின் நிறை, வார்டு, ஹீட்டர், தோலோடு தோல். "நானும் அவருமா மாறி மாறி வச்சிருக்கணும்க்கா, ஆனா அவரு பெக்டரிக்குப் போயிட்டா நான் ஒத்த ஆளு. குளிக்கணும், துணி தொவைக்கணும், கண்ணு மூடணும். எறக்கி வைக்கிற நேரமெல்லாம் புள்ள குளுந்து போகுது. இன்னொரு ஒடம்பு வேணும்க்கா. பத்து நாளைக்கு." மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னேன். "நான் அன்னைக்குப் பேசினது தப்பு. ஊருக்கு முன்னால பேசினேன், ஊருக்கு முன்னாலயே மன்னிப்புக் கேக்கச் சொன்னாலும் கேக்குறேன்."

அக்கா விறகைத் தள்ளி வைத்தாள். "மன்னிப்பெல்லாம் நீங்களே வச்சுக்கோங்க. யாரும் கேக்காமயே நான் ஓடி வந்து ஒதவுற ஆளுன்னு நெனச்சுக்காதீங்க. கேட்டீங்க, அதனால வாரேன்." எழுந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு பழைய நூல் சேலையை எடுத்தாள். "ஆனா எம் மேல பொக வாசம் அடிக்கும், இப்பவே சொல்லிட்டேன்."

"அடிக்கட்டும்க்கா."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நடந்ததைப் பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள். ஸ்வெட்டரெல்லாம் கழற்றி எறிந்தேன். மகளை வெறும் உடம்போடு நெஞ்சில் சேர்த்து, மேலே சேலையைச் சுற்றிக் கட்டி, அதன்மேல் கம்பளி. கட்டுவதற்கு அக்காதான் பழக்கினாள், நான் கட்டினால் பிள்ளை வழுக்கியது. காலையில் வேலைக்குப் போகும் வரைக்கும் அவர், பகலில் நான், மலையிலிருந்து அக்கா இறங்கியதும் அக்கா. அவள் வைத்திருக்கும் நேரம்தான் நான் குளித்துச் சாப்பிட்டுக் கொஞ்சம் தூங்குவேன். தூங்கி எழுந்து பார்த்தால் இருவரும் ஒரே மூச்சில் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

அவரைத்தான் பெக்டரி ஆட்கள் ஒரு வழி பண்ணிவிட்டார்கள். ஒருநாள் காலையில் வாசலில் பிள்ளையோடு நிற்பதைப் பாதையில் போனவன் பார்த்துவிட்டான். "என்னா மச்சான், கொழுந்துப் பைய முன்னால கட்டியிருக்க? எத்தன கிலோ?" என்று கத்தினான். "கிலோ ஏறத்தான்டா கட்டியிருக்கேன்" என்றார் இவர். எனக்கு அந்த மனுசன்மேல் அன்று பொங்கிய பாசம் கல்யாணத்தன்றுகூடப் பொங்கியதில்லை.

நான் சும்மா இருப்பேனா? வெப்பமானியைச் சேலைக்குள் மகளின் முதுகுப் பக்கம் வைத்துப் பார்த்தேன். முப்பத்தாறு. அறையில் இன்னும் பதின்மூன்றுதான். இருக்கட்டும், எவ்வளவு வேண்டுமானாலும் குளிரட்டும். என் மகளுக்கு இப்போது அறை சூழல் இல்லை. நாங்கள் மூன்று பேர்தான் சூழல். கோட்டை நான் மாற்றிப் போட்டுவிட்டேன்.

கிளினிக் அன்று அக்கா வேலைக்குப் போகவில்லை. ஒருநாள் பெயர் போனால் போகட்டும், ஒருநாள் சம்பளம்தானே என்று கூடவே வந்தாள், பிள்ளையும் அவள் நெஞ்சில்தான் வந்தது. மர வாங்கில் வரிசையாகத் தாய்மார். எங்கள் முறை வந்தது. மருத்துவமாது மகளை எடுத்துத் தராசுத் தட்டில் கிடத்தினார். அவள் கை காலை உதறிக் கத்தினாள், முள் ஆடியது. நான் அக்கா கையைப் பிடித்திருந்தேன், அல்லது அவள் என் கையை, யார் யாருடையதை என்று தெரியவில்லை. முள் நின்றது. மருத்துவமாது குனிந்து பார்த்து, அட்டையைப் பார்த்து, மறுபடி முள்ளைப் பார்த்தார்.

"இருநூத்தி எண்பது ஏறியிருக்கு" என்றார். "ஹரி நங்கி! வார்டு வேணாம். வீட்டுக்குப் போ."

நான் நின்ற இடத்திலேயே ஓவென்று அழுதேன். வரிசையில் இருந்த தாய்மார் பயந்துபோய்த் தங்கள் பிள்ளைகளை இறுக்கிக்கொண்டார்கள். அக்கா என் தோளில் ஒரு அடி போட்டாள். "ஏறினதுக்கு எதுக்கு ஒப்பாரி? பால் குடுங்க டீச்சரம்மா, கத்துது பாருங்க." டீச்சரம்மாவை மட்டும் அவள் விடவில்லை. விடமாட்டாள் என்று எனக்கும் தெரியும்.

வரும் வழியில் வீட்டுக்கு ஏறாமல் நேரே கோடி வீட்டுக்குப் போனேன். அந்தப் பெண் வயிற்றைத் தாங்கிக்கொண்டு எழுந்து வந்தாள். கைப்பையிலிருந்து சாவியை எடுத்து அவள் கையில் வைத்தேன். "இன்னைக்கே மாறிக்கோங்க. ஆபிசுல நான் போய்ப் பேசுறேன்." அவள் சாவியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உறுதி வந்துருச்சா டீச்சர்?"

"இல்ல. அது வாறப்ப வரட்டும்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஆபிசில் பேசினேன், பெயரை மாற்றி எழுத வைத்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். பேச்சு எனக்கு எப்போதும் ஒரு பிரச்சினையாக இருந்ததில்லை. உறுதி இல்லாத வீட்டில் இருக்கிறோமே என்று அன்று இரவு ஒரு கணம் பயந்தது உண்மைதான். ஆனால் வருகிறவன் வரட்டும், அந்த வீட்டை விட்டு என்னை எவன் எழுப்புகிறான் என்று நானும் பார்க்கத்தான் போகிறேன்.

இதைப் படித்துவிட்டு, லயம்தான் நல்லது, லயத்திலேயே கிடங்க என்று யாராவது சொன்னால் நாக்கை இழுத்து வைத்து அறுப்பேன். கூரை ஒழுகும், புகை நுரையீரலைத் தின்னும், அந்தப் புகையைப் பற்றி நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. சொன்ன விதம்தான் பிழை. அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் பெக்டரியில் கேட்டு வாங்கிய பழைய தகரத்தைச் சுருட்டி, அக்கா அடுப்புக்கும் பழைய காம்பரா அடுப்புக்கும் இரண்டு புகைக்குழாய் வைத்துக் கூரைக்கு மேலே விட்டார். சூடு சுவர் வழியாகப் போகட்டும், புகை வெளியே போகட்டும். கோட்டைத் தாண்டி எது போகலாம், எது போகக் கூடாது என்று தீர்மானிக்க எனக்குத் தெரியும். அதற்குத்தானே சம்பளம் வாங்குகிறேன்.

குழாய் வைத்த அன்றைக்கே கோடி வீட்டுப் பெண் பழைய காம்பராவில் முதல் அடுப்பு மூட்டினாள். நான் மகளோடு அக்கா காம்பராவில் இருந்தேன். சாக்குகளைக் கழற்றிப் போட்டிருந்தோம். கட்டிலைப் பழையபடி சுவரோடு தள்ளி, இருவரும் அதில் ஏறி உட்கார்ந்து சுவரில் முதுகைச் சாய்த்திருந்தோம். மகள் அக்கா நெஞ்சில். அந்தப் பக்கம் ஊதுகுழல் சத்தமும் அந்தப் பெண்ணின் இருமலும் சுவருக்கு மேலே கேட்டன.

"அக்கா, அந்தப் பக்கம் வருதா?" என்று அவள் கத்தினாள்.

"எங்க வருது! ஐஸ் மாதிரி கெடக்கு" என்றாள் அக்கா. என் பக்கம் திரும்பி, "ஒங்க கணக்கு இந்தத் தடவயும் தப்பிப் போச்சா டீச்சரம்மா?" என்றாள்.

"இருங்கக்கா. மூணு மாசம் குளுந்து கெடந்த செவரு. மொதல்ல அது குடிக்கும், அப்புறந்தான் குடுக்கும்."

அரை மணி நேரம் போனது. முக்கால் மணி போனது. தேத்தண்ணி குடித்தோம். மகள் ஒரு தரம் எழுந்து பால் குடித்துவிட்டு மறுபடி அக்காவிடமே போய்த் தூங்கினாள். எனக்கே கொஞ்சம் சந்தேகம் வந்தது, வெளியே காட்டிக்கொள்ளவில்லை. அக்கா ஒரு கையால் பிள்ளையை அணைத்துக்கொண்டு, மற்றக் கையைப் பின்னால் நீட்டிச் சுவரில் அகல விரித்து வைத்தாள்.

"ஏ புள்ள" என்றாள் மெதுவாக. "வந்துருச்சு."